அக்காவை அண்ணனாக்கிய படம்

நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் அந்தப் புத்தகத்தைச் சற்று மூடி வைக்க முடியுமா? கோபித்துக்கொள்ளாதீர்கள். திண்டுக்கல்லில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்ததிலிருந்து அதன் அட்டையை என் முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அட்டையில் ஒரு பெண் கையில் மஞ்சள் நூலைப் பிடித்தபடி விழியை உருட்டுகிறாளே, அவள் நான்தான்.

சிரிக்க வேண்டாம். வரைந்தவருக்கு என்னைத் தெரியாது, அதனால்தான் மூக்குத்தி போட்டுவிட்டார். நான் மூக்குத்தி அணிவதில்லை. கண்களும் இப்படி உருளா. மாணவிகளைக் கேட்டுப் பாருங்கள், நான் ஒருவரை நேராகப் பார்த்தாலே போதும், உருட்ட வேண்டிய தேவை வராது.

'முகூர்த்தம் தாண்டி', ஆசிரியர் திருமாறன். என் உடன்பிறந்த தம்பி. நான் அங்கயற்கண்ணி, மதுரையில் ஒரு மகளிர் கல்லூரியில் வரலாற்றுத் துறைத் தலைவர். நாவலில் வஞ்சிக்கொடி என்று ஓர் அக்காள் வருகிறாள் அல்லவா, வரலாறு கற்பிப்பவள், கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள், பால்காரரைக்கூடச் செந்தமிழில் திட்டுபவள்? அவளுக்கும் எனக்கும் எந்த ஒற்றுமையும் கிடையாது. எங்கள் பால்காரரை நான் திட்டியதே இல்லை. பாலில் தண்ணீர் ஏன் கூடுதலாக இருக்கிறது என்று விளக்கம் கேட்டிருக்கிறேன். அது வேறு.

எந்த இடத்தில் இருக்கிறீர்கள்? நிச்சயதார்த்தமா? சரி, அடுத்தது கல்யாணம். அதை நானே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு நேரம் மிச்சமாகும். மாப்பிள்ளை தாலியின் முதல் முடிச்சைப் போடுவான், மற்ற இரண்டையும் அவனுடைய அக்காளோ தங்கையோ பெண்ணுக்குப் பின்னால் நின்று போடுவாள். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? அந்த இடத்தில், கெட்டிமேளம் முழங்க, அரிசி பறக்க, வஞ்சிக்கொடி நூலைப் பிடித்தபடி தயங்குகிறாள். பெண்ணைப் பிடிக்கவில்லையாம். சாதாரண வீட்டுப் பெண், தம்பி தானாகத் தேடிக்கொண்டவள். தயங்கிக்கொண்டே நிற்கிறாள். பெண்ணின் தகப்பனார் பதறிப்போய்க் கை கூப்புகிறார். அதற்கப்புறம்தான் முடிச்சுப் போடுகிறாள். இந்த ஒரு கணத்தை என் தம்பி ஓர் அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கிறான். அங்கே அழாத வாசகர் இல்லை என்று பின்னட்டையில் போட்டிருக்கிறது. நான் அழவில்லை. வக்கீலிடம் போனேன்.

திருமாறன் கல்யாணம் நடந்து பதினொரு வருடம் ஆகிறது. நான் அன்று மேடையில் சற்று நேரம் எடுத்துக்கொண்டது உண்மைதான், கல்யாண வீடியோவில் ஊரே பார்த்தது. ஆனால் தயக்கம்? என்னிடமா? உணவகத்தில் மெனுவைப் பார்த்துக்கூட நான் தயங்கியதில்லை. கொலைகாரி என்று எழுதியிருந்தால் பொறுத்திருப்பேன். தயங்கினாள் என்று எழுதிவிட்டான்.

வழக்கறிஞர் அறிவுடைநம்பி நல்ல மனிதர், என்னைக் கண்டால் கொஞ்சம் பயம். "அந்தப் பாத்திரத்தை அடுத்த பதிப்பிலும், வேறு எந்த வடிவத்திலும் நீக்க வேண்டும்" என்று பதிப்பகத்துக்கு நோட்டீஸ் எழுதினார். 'வேறு எந்த வடிவத்திலும்' என்பதை நான்தான் சேர்க்கச் சொன்னேன். எழுத்தில் இடைவெளி விடக் கூடாது. பதிப்பகம் பதில் போடவில்லை. தம்பி போனை நிறுத்திவிட்டான், நானும் நிறுத்திக்கொண்டேன். அப்படியே நான்கு வருடம். நான் வளர்த்த பையன் என்பதைச் சொல்ல வேண்டும். அம்மா போனபோது அவன் நான்காம் வகுப்பு, எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. சொல்லிக்காட்டவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

அந்த நான்கு வருடமும் தீபாவளிக்குத் தீபாவளி அவன் மனைவி சுகந்தி மட்டும் எனக்கு அதிரசம் அனுப்பிவைத்தாள். கூரியரில், மேலே ஒரு வரிகூட இல்லாமல். திமிரைப் பாருங்கள். புருஷன் என்னை ஊர் சிரிக்க எழுதுகிறான், இவள் அதிரசம் அனுப்புகிறாள். வீணாக்கக் கூடாது என்பதற்காகச் சாப்பிட்டேன்.

தேநீரா? எனக்கு வேண்டாம். நீங்கள் குடியுங்கள். மூடியைப் பார்த்துத் திறங்கள், இந்த வண்டியில் ஊற்றுகிற தேநீருக்குச் சூடு ஒன்றுதான் குணம்.

போன வருடம் ஒரு நாள் கல்லூரிக்கு ஒரு பெண் வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், கழுத்தில் ஏதோ அடையாள அட்டை, பெயர் மெர்சி. உதவி இயக்குநராம். 'முகூர்த்தம் தாண்டி' படமாகிறது, ஆட்சேபமில்லை என்று நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள்.

"போன நோட்டீஸைப் பார்த்து எங்க லீகல்ல பயந்துட்டாங்க மேடம். அதனால படத்துல உங்களைக் குறிக்கிற மாதிரி கேரக்டரே இல்ல. நிம்மதியா கையெழுத்து போடலாம்."

"இல்லை என்றால்?"

"இல்லைன்னா... இல்லவே இல்ல மேடம். அக்காவை அண்ணனா மாத்திட்டோம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதையே சொன்னாள். கதாநாயகனுக்கு அக்காள் கிடையாது, அண்ணன்தான் உண்டு. அந்த அண்ணனாக ஒரு பெரிய நடிகர் நடிக்கிறார். பெயர் வேண்டாம், மீசைக்கென்றே தனியாக ரசிகர் மன்றம் வைத்திருப்பவர். அண்ணன் வரலாறு படித்தவரில்லை, அரிசி ஆலை வைத்திருக்கிறார். அரிசி ஆலையில் ஒரு சண்டை இருக்கிறது, உமி பறக்கும்.

நான் கையெழுத்துப் போடவில்லை. அந்தப் பெண் போனவுடன் அறிவுடைநம்பிக்குத்தான் போன் செய்தேன்.

"என்னை நீக்கிவிட்டார்கள். உடனே நோட்டீஸ் அனுப்புங்கள்."

"மேடம், போன நோட்டீஸ்ல நாம நீக்கத்தான் சொல்லியிருந்தோம். அவங்க நீக்கிட்டாங்க. வேணும்னா நன்றின்னு ஒரு லெட்டர் போடலாம்."

"நான் நீக்கச் சொன்னது வஞ்சிக்கொடியை. இவர்கள் நீக்கியிருப்பது என்னை."

"ரெண்டும் ஒருத்தர் இல்லையா மேடம்?"

"அறிவுடைநம்பி, உங்கள் பெயரில் பாதிதான் உண்மை" என்று சொல்லி வைத்துவிட்டேன். என் நோட்டீஸுக்கும் இவர்கள் செய்த அட்டூழியத்துக்கும் முடிச்சுப் போடுகிறார் பாருங்கள். இத்தனைக்கும் சட்டம் படித்தவர்.

நேரில் போனேன். இயக்குநர் ஜெகவீரன் இடம் பார்ப்பதற்காக மதுரைக்கு வந்து ஒரு ஓட்டலில் தங்கியிருந்தார். பையன்தான், முப்பத்தைந்துகூட இருக்காது. அறைக்குள்ளும் தொப்பியோடு இருந்தார். சுவரெல்லாம் வண்ண வண்ணமாகச் சீட்டு ஒட்டியிருந்தது, ஒவ்வொரு சீட்டும் ஒரு காட்சியாம். மெர்சி மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவரும் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்கம்மா. உக்காருங்க. காபி சொல்லட்டுமா?"

"காபி பிறகு. நாவலில் என்னென்ன மாற்றினீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்."

நல்ல பையன், ஒளிக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னார். மதுரையைப் பொள்ளாச்சியாக மாற்றியிருந்தார், பச்சை வேண்டுமாம். கதாநாயகன் பேருந்தில் வேலைக்குப் போகிற குமாஸ்தா, அவனை ட்ரோனில் படமெடுப்பவனாக்கியிருந்தார், அப்போதுதான் மேலிருந்து காட்ட ஒரு காரணம் கிடைக்குமாம். நாவலில் கல்யாணம் வெயிலில் நடக்கிறது, படத்தில் மழை. பெண்ணின் தகப்பனார் நாவலில் தையற்காரர், இவர் அவரை நாதஸ்வர வித்துவானாக்கியிருந்தார், மகள் கல்யாணத்தில் அவரே வாசிப்பாராம். அது எனக்கே கொஞ்சம் பிடித்திருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

"ஏன் இத்தனை மாற்றம்? எழுதியவன் முட்டாளா?"

"அய்யோ, அப்படி இல்லம்மா. நாவல்ல அவர் ஒரு பக்கம் முழுக்க யோசிக்கிறார். நான் கேமராவுல யோசனையை எப்படிக் காட்டுறது? மழை பெஞ்சா ஜனங்களே யோசிச்சுக்குவாங்க."

நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.

"மூன்றாம் முடிச்சை யார் போடுவார்?"

"எந்த முடிச்சும்மா?"

"தாலியின் மூன்றாம் முடிச்சு. நாவலே அதன் மேல்தான் நிற்கிறது. நூலைப் பிடித்துக்கொண்டு தயங்குவது உங்கள் கதையில் யார்?"

"அண்ணன்தான். அதுதான் இன்டர்வெல். அண்ணன் பொண்ணுக்குப் பின்னாடி வந்து நிப்பார், தாலிக் கயிறைக் கையில எடுப்பார், மீசையில மழைத்தண்ணி சொட்டும், கட் பண்றோம், இடைவேளை."

மெர்சி மடிக்கணினித் திரைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. உங்களுக்கே புரிந்துவிட்டது பாருங்கள், வாயைப் பொத்துகிறீர்கள். ஆனால் அந்த மனிதருக்குப் புரியவில்லை. இரண்டு அக்காள் இருக்கிறார்களாம் அவருக்கு. எத்தனை கல்யாணம் பார்த்திருப்பார், எல்லாவற்றிலும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் பார்த்திருக்கிறார்.

"தம்பி" என்றேன், "மாப்பிள்ளையின் அண்ணன் மணப்பெண்ணின் கழுத்தில் தாலி முடிச்சுப் போடுவதை எந்த ஊரில் பார்த்தீர்கள்? ஜனங்கள் இடைவேளையில் முறுக்கு வாங்கப் போக மாட்டார்கள். திரையைக் கிழிக்கத்தான் வருவார்கள்."

அவர் மெர்சியைப் பார்த்தார். "நீ ஏன் சொல்லல?"

"மூணு தடவை சொன்னேன் சார். 'அண்ணன்-தங்கச்சி பாசம் மாதிரி வரும், விடு'ன்னீங்க."

"அப்போ முடிச்சு வேணாம். தூக்கிரலாம்."

"தூக்கினால் இடைவேளைக்கு என்ன செய்வீர்கள்?" என்றேன். நானே கேட்டேன். எனக்கு அந்தப் படத்தின் இடைவேளையைப் பற்றி என்ன கவலை? ஆனாலும் ஒருவர் கண்ணெதிரே ஒரு வேலையைக் கெடுத்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

"ஒரு அத்தை கேரக்டர் போட்டு, யாராவது துணை நடிகையை நிக்க வச்சு..."

துணை நடிகை! இத்தனை தடித்த புத்தகம், எந்த இடத்தில் எல்லாரும் அழுகிறார்கள் என்று பின்னட்டையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள், அதற்குத் துணை நடிகை! எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

"பாருங்கள், அங்கே யாரும் தயங்கவே இல்லை. அது திருமாறனின் கற்பனை. நடந்தது வேறு. அவன் போட்டது முடிச்சே அல்ல. நூலை ஒரு சுற்றுச் சுற்றி விட்டிருந்தான், இழுத்தால் கையோடு வந்துவிடும். நான் அதை அவிழ்த்தேன். அவிழ்த்து, அவன் விரலைப் பிடித்து, மறுபடியும் ஒழுங்காகப் போட வைத்தேன். அதற்குத்தான் அத்தனை நேரம் ஆயிற்று."

ஜெகவீரன் தொப்பியைக் கழற்றினார். வழுக்கை விழத் தொடங்கியிருந்தது, பாவம்.

"அம்மா. தாலியை... அவிழ்த்தீங்களா?"

"தாலியை அல்ல. தவறான முடிச்சை."

"முகூர்த்தத்துல? மேடையில? எல்லார் முன்னாடியும்?"

"எல்லாரும் அரிசி போடுவதில் மும்முரமாக இருந்தார்கள். பூவும் தலைமுடியும் மறைத்துக்கொண்டன. ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்ன? விடைத்தாளில் தவறு இருந்தால் நான் அடித்துவிட்டுத் திருத்தி எழுதச் சொல்வதில்லையா?"

அவர் சுவரிலிருந்து அண்ணன் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழிக்கத் தொடங்கிவிட்டார். "மெர்சி, அக்கா வர்றாங்க. எழுதிக்க. அக்கா வர்றாங்க!" என்று சத்தம். அந்தப் பெண் எழுதிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். எனக்குப் பொதுவாகக் கண்ணடிப்பவர்களைப் பிடிக்காது. அன்றைக்குப் பொறுத்துக்கொண்டேன். காபி வந்தது, குடித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். மீசைக்காரர் நாதஸ்வரத்துக்கு மாற்றப்பட்டார். அழகாகவே வாசிக்கிறார் என்று கேள்வி, அதாவது வாசிப்பதைப் போல் கன்னத்தை உப்புகிறார்.

மறுநாள் மாலை நான்கு மணிக்குப் போன் அடித்தது. திருமாறன். நான்கு வருடம் கழித்து.

"அக்கா, ஏன்க்கா இப்படிப் பண்ணுன?"

"எப்படிப் பண்ணினேன்?"

"முடிச்சை அவுத்ததைப் போய்ச் சொல்லிட்டியாமே! டைரக்டர் எனக்குப் போன் பண்ணிக் குதிக்கிறாரு. அது வெளிய தெரியக் கூடாதுன்னுதான நான் இந்தப் பாடு பட்டு வேற மாதிரி எழுதுனேன்?"

"நான் தயங்கினேன் என்று எழுதினாய். மறுத்தேன். அவ்வளவுதான்."

"நீ தயங்குனேன்னா ஊர்ல நாலு பேரு உன்னைத் திட்டுவாங்க. நீ அதுக்கெல்லாம் அசர மாட்டேன்னு நெனச்சேன்."

இந்த நியாயத்தைக் கேட்டீர்களா? அசைய மாட்டாள் என்பதற்காக ஒருத்தியின் மேல் எதை வேண்டுமானாலும் சாய்த்து வைக்கலாமாம். நான் என்ன சுவரா?

அப்புறம் அவன் குரல் கீழே இறங்கிவிட்டது. "வேற என்ன சொன்ன அவர்கிட்ட?"

"அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் பதில் எழுதுவதில்லை."

"சரி" என்றான். பிறகு, "சாப்ட்டியா?" என்றான். மாலை நான்கு மணிக்கு! எந்த வேளைச் சாப்பாட்டைக் கேட்கிறான்? அதைத்தான் கேட்டேன். அவன் பதிலுக்கு ஏதோ சொல்ல, நான் அதைத் திருத்த, அரை மணி நேரம் போய்விட்டது. அதிலிருந்து தினமும் சண்டை போடுவதற்கென்றே கூப்பிடுகிறான். ஒரு நாள் கூப்பிடாவிட்டால் காய்ச்சலோ என்னவோ என்று நான் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியிருக்கிறது. பெரும் தொல்லை.

விழுப்புரமா இது? பரவாயில்லை, நேரத்துக்குத்தான் போகிறது. இறங்குவதற்குள் மீதியையும் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் சொன்னால் தவறில்லை, நீங்கள் தாம்பரத்தில் இறங்கிப் போய்விடுவீர்கள்.

படப்பிடிப்புக்கு முன்பு ஜெகவீரன் மறுபடியும் கூப்பிட்டார். "அம்மா, ஒரே ஒரு இடம்தான் இடிக்குது. முடிச்சை அவுத்துட்டு, தம்பி முகத்தைப் பார்த்து அக்கா ஒரு வார்த்தை சொல்லணும். அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதலில் பேசியது நான் அல்ல. அவன்தான். நூலைச் சுற்றிவிட்டு, குனிந்தவாக்கில் என் காதருகே வந்து, "அக்கா, நான் எந்திரிச்சுப் போயிரட்டுமா?" என்றான். கை அப்படி நடுங்குகிறது. அவன் தேடிப் பிடித்த பெண், அவன் பிடிவாதம் பிடித்து நடத்திய கல்யாணம், கடைசி நிமிடத்தில் இவனுக்குப் பயம் வந்துவிட்டது. அதனால்தான் அந்த முடிச்சு முடிச்சாக இல்லை. எழுந்து போவதற்கு வசதியாகச் சுற்றி வைத்திருந்தான், மடையன்.

நான் முடிச்சை அவிழ்த்தேன். "எழுந்தால் காலை உடைத்துவிடுவேன்" என்றேன். அப்புறம் அவன் விரல்களை என் கைக்குள் பிடித்துக்கொண்டேன், நடுக்கம் நிற்கும்வரை. அதற்குத்தான் நேரமாயிற்று. பிறகு போட்டான். மற்ற இரண்டையும் நான் போட்டேன், கொஞ்சம் இறுக்கமாகவே.

இப்போது பாருங்கள், அந்த வரியை நான் இயக்குநரிடம் சொன்னால் என்ன ஆகும்? காலை உடைப்பேன் என்று எதற்குச் சொன்னாள் என்று கேட்பார்கள். அவன் எழுந்து போக நினைத்தது வெளியே வரும். சுகந்தி திரையரங்கில் உட்கார்ந்து பார்ப்பாள், அவள் பிள்ளைகளும் பார்க்கும். அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டில்லை. காட்சி நீண்டுவிடும் என்பதுதான் என் கவலை. இடைவேளைக்கு முன்னால் நீளமான வசனம் கூடாது, அது ஜெகவீரனே சொன்னதுதான்.

"'கை கழுவினாயா?' என்று கேட்டேன்" என்றேன்.

"என்னது?"

"மேடையில் லட்டு சாப்பிட்டுவிட்டு அப்படியே தாலியைத் தொட்டிருந்தான். விரலெல்லாம் பிசுபிசுப்பு. அதனால்தான் முடிச்சு வழுக்கிவிட்டது. 'கை கழுவினாயா?' என்று கேட்டேன்."

அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. நாற்பது வருடம் வரலாறு படித்தும் கற்பித்தும் வந்திருக்கிறேன், ஆதாரமில்லாமல் ஒரு வரி எழுதியவளில்லை. ஒரு லட்டை எங்கிருந்தோ வரவழைத்துவிட்டேன். எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. மாற்றம் செய்வது ஒன்றும் கஷ்டமான வேலையில்லை போலிருக்கிறது.

திருமாறன் அன்று சண்டை போடக் கூப்பிட்டபோது லட்டைப் பற்றிச் சொன்னேன். மூக்கை உறிஞ்சினான். சளி பிடித்திருக்கும். மாத்திரை பெயர் சொன்னேன்.

அதற்கு அடுத்த நாள் சுகந்தி கூப்பிட்டாள். அவள் தானாக எனக்குப் போன் செய்ததே கிடையாது, அதிரசத்தோடு சரி.

"அக்கா, டைரக்டர் சொன்னார். கை கழுவுனியான்னு கேட்டீங்களாமே?"

"ஆமாம்."

"மேடையில யாருக்கும் லட்டே குடுக்கலையேக்கா."

"நீ தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாய். உனக்கு எப்படித் தெரியும்?"

"குனிஞ்சுதான் உக்காந்திருந்தேன்" என்றாள். "எனக்குப் பின்னாடிதான் ரெண்டு பேரும் பேசுனீங்க. என் காதுக்கும் உங்க வாய்க்கும் நடுவுல ஒரு ஜிமிக்கிதான்."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"காலை உடைப்பேன்னு நீங்க சொன்னதைக் கேட்டுத்தான்க்கா எனக்கு மூச்சே வந்துச்சு. அவர்கிட்ட நான் இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்ல. நீங்களும் சொல்லிராதீங்க. லட்டே இருக்கட்டும். லட்டுதான் நல்லா இருக்கு."

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சிக்னல் சரியில்லை. எங்கள் வீட்டில் பின்கட்டுக்குப் போனால் ஒரு வார்த்தைகூடக் கேட்காது. நான் பின்கட்டுக்குப் போகவில்லைதான், இருந்தாலும் சில நேரம் கூடத்திலும் அப்படி ஆகிவிடுகிறது. சற்றுப் பொறுத்து, "இந்த வருடம் அதிரசத்தில் பாகு முற்றிவிட்டது" என்றேன். "சரிக்கா" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

நாளைக்குப் படத்தை எங்களுக்கு மட்டும் போட்டுக்காட்டுகிறார்கள், வெள்ளிக்கிழமைதான் வெளியீடு. அவன் வீட்டில்தான் தங்குகிறேன். நானாகப் போகவில்லை, ஓட்டல் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சுகந்தி பயந்துவிட்டாள். நீங்கள் புத்தகத்தை முடித்துவிட்டுப் படத்தையும் பாருங்கள். இரண்டிலும் நடந்தது இல்லை, இருந்தாலும் பாருங்கள். லட்டு வருகிற இடத்தில் அரங்கமே அதிரும் என்று ஜெகவீரன் சத்தியம் செய்கிறார்.

திருமாறனுக்குத்தான் நடுக்கம் மறுபடியும் வந்துவிட்டது. அந்தக் காட்சி வரும்போது தான் வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வருகிறேன் என்கிறான். சுகந்தி இருக்கை எண்களைப் பார்த்து ஏற்பாடு செய்துவிட்டாள். நடைபாதை ஓரத்து இருக்கை எனக்கு. அவளுக்குச் சுவரை ஒட்டிய இருக்கை. அவன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்.